ஐயாவுக்குச் சொல்வதா, விடுவதா?

ஆனி 7, பின்னேரம் (கேள்வி)

ஐயாவுக்கு 78 வயது. சாப்பாடு நெஞ்சுக்குள் நிற்குது என்று கொஞ்ச நாளாகச் சொல்லிக்கொண்டிருந்தார். கமரா விட்டுப் பார்த்து, பயொப்சி எடுத்து, உணவுக்குழாயில் புற்றுநோய் என்று முடிவு வந்துவிட்டது. டொக்டர் என்னைத் தனியே கூப்பிட்டுத்தான் சொன்னார். அண்ணை கனடாவில், அக்கா லண்டனில். இரண்டு பேரும் ஒரே பிடி: ஐயாவுக்குத் தெரியக்கூடாது, தெரிந்தால் பயத்திலேயே போய்விடுவார். அம்மாவுக்கும் சொல்லவில்லை. "என்னவாம் ரிப்போட்?" என்று ஐயா கேட்டால் அல்சர் என்று சமாளிக்கிறேன். பாசமுள்ள பிள்ளைகள் இதைத்தான் செய்வார்கள் என்பது என் எண்ணம். இதற்குள்ளால் போனவர்கள் இருந்தால் சொல்லுங்கள். அடுத்த கிழமை தெல்லிப்பழைப் புற்றுநோய் ஆஸ்பத்திரியில் கிளினிக்.

ஆனி 7, இரவு (பதில்; இனி வருவதெல்லாம் இதே ஆள் எழுதியது)

பாசத்தை நான் சந்தேகிக்கவில்லை, தம்பி. ஆனால் அல்சர் கதை எத்தனை நாளுக்கு ஓடும்? எங்கள் ஐயாவுக்கும் அதே இடத்தில்தான் வந்தது. முதலில் புட்டு இறங்கவில்லை. சொதியை அள்ளி ஊற்றிக் குழைத்துச் சாப்பிட்டார். பிறகு இடியப்பத்தைக் கரைத்துக் குடித்தார். அதற்கும் பிறகு கஞ்சித்தண்ணிதான். வாயில் ஒரு கவளம் வைத்தால் தலையை இடப்பக்கம் சரித்து, இரண்டு விரலால் நெஞ்சை மேலிருந்து கீழாக நீவி நீவி இறக்குவார். தன் உடம்பில் நடப்பது அந்த மனிதருக்குத் தெரியாது என்ற நினைப்பில் என் அண்ணைமார் வட்ஸ்அப்பில் கூட்டம் போட்டு, அல்சர் என்று சொல்லும்படி எனக்குக் கட்டளை தந்தார்கள்.

நான் வாயைத் திறக்கவே இல்லை. கிளினிக்குக்குப் போகிற வழியில் ஓட்டோவுக்குள் ஐயாவே தொடங்கினார்: "பிள்ளை, தெல்லிப்பழைக்கு ஆரும் அல்சருக்குப் போறவையே?"

ஓட்டோக்காரர் சிரிப்பை அடக்க இருமினார்.

ஆனி 8, காலை

வெளிநாட்டில் இருந்து வாசிப்பவர்களுக்காக. ஒரு காலம் புற்றுநோய் என்றால் இங்கிருந்து கொழும்புப் பக்கம் மகரகமை ஆஸ்பத்திரிக்குத்தான் ஓடவேண்டும். 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து வடக்கே பருத்தித்துறை வரை நடந்து காசு சேர்த்தார்களே, அந்தப் பணத்தில்தான் தெல்லிப்பழை ஆதார வைத்தியசாலையில் புற்றுநோய்க்கென்று கட்டடம் எழும்பியது. பெரிய காரியம், புண்ணியமாய்ப் போவார்கள். ஆனால் அந்தக் கிளினிக்குக்கு வரச்சொன்னாலே இங்கத்தைய ஐயாமாருக்கு விளங்கிவிடும். கிளினிக் கொப்பியை ஒளிக்கலாம். வாங்கில் பக்கத்தில் இருக்கிறவரின் வாயை என்ன செய்வீர்கள்? "உங்களுக்கு எந்த இடத்தில?" என்றுதான் அங்கே கதையே தொடங்கும்.

ஆனி 8, இரவு

எப்படிச் சொன்னேன் என்று கேட்டிருக்கிறீர்கள். நான் முதலில் சொல்லவில்லை, கேட்டேன்.

ஓட்டோவுக்குள் பதில் சொல்லாமல் இருந்துவிட்டேன். வீட்டுக்கு வந்து, பின்னேரத் தேத்தண்ணியோடு விறாந்தையில் இருக்கும்போது: "ஐயா, வருத்தத்தைப்பற்றி டொக்டர் சொல்லுறது எல்லாம் உங்களுக்கும் தெரியவேணுமோ, இல்லாட்டி நாங்கள் கேட்டு வைச்சிருந்தால் காணுமோ?"

"எனக்குத்தானே வந்தது" என்றார்.

அதோடு அந்தக் கேள்வி தீர்ந்தது. அடுத்த கிளினிக்கில் "ஐயா தானே கேட்கவேணுமாம்" என்று டொக்டரிடம் சொன்னேன். அவர் கதிரையை ஐயா பக்கம் திருப்பிப் போட்டுக்கொண்டு கதைத்தார். பிள்ளையைத் தனியே கூப்பிட்டுச் சொல்வது நம் வீடுகளின் வழக்கத்துக்காக அவர்கள் செய்வது. வருத்தக்காரரே கேட்டால் ஒளிக்கவேண்டும் என்று நின்ற டொக்டரை நான் காணவில்லை.

ஒன்று மட்டும். கேட்கும்போது அண்ணையை ஸ்பீக்கரில் போடாதீர்கள். அவர் அழத் தொடங்குவார், ஐயா அவரைத் தேற்றத் தொடங்குவார், கேள்வி காற்றில் போய்விடும்.

ஆனி 10

மாமாவுக்குச் சொன்ன அன்றிலிருந்து அவர் சாப்பாட்டைத் தொடவில்லை, சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். அதைப் படித்தபின் இரவு முழுக்க யோசித்தேன். எல்லாருக்கும் சொல்லத்தான் வேண்டும் என்று நான் வாதாடுவதாக நினைக்கவேண்டாம். என் மாமி, அதாவது என் வீட்டுக்காரர் இவரின் அம்மா, சிறுநீரகம் பழுதானபோது தெளிவாகச் சொல்லிவிட்டார்: "குளிசையை என்ரை கையில தா. கதையை மகனிட்டச் சொல்லு." கடைசிவரை அப்படியே செய்தோம். ஒரு நாளும் அவரிடம் ரிப்போட் வாசிக்கவில்லை. அது அவர் எடுத்த முடிவு. எங்கள் ஐயா வேறு முடிவு எடுத்தார். அந்த மாமாவிடம் முதலில் யாராவது கேட்டார்களா, அல்லது ஒரேயடியாகக் கொட்டிவிட்டார்களா என்பதுதான் எனக்குத் தெரியவேண்டும்.

சொல்வதிலும் அளவு இருக்கிறது. "எவ்வளவு காலம்?" என்று ஐயா கேட்டபோது டொக்டர், "மாசக் கணக்கு ஐயா, வருசக் கணக்கு இல்லை" என்றார். அதற்கு மேல் ஐயாவும் கேட்கவில்லை, அவரும் சொல்லவில்லை.

ஆனி 13

"தெரிஞ்சு அவர் என்ன செய்யப்போறார்?" இந்தக் கேள்விக்குப் பதில் சொல்லாமல் போகமுடியாது.

ஐயா புகையிலைத் தோட்டக்காரர். தெரிந்தபிறகு முதலில் செய்தது, தோட்டக் குத்தகைக் கணக்கை முடித்தது. ஆருக்கு எவ்வளவு கொடுக்க இருக்கு, ஆர் தரவேண்டும் என்று பழைய கலண்டர்த் தாளின் பின்பக்கத்தில் எழுதுவித்தார். அதில் நாங்கள் கேள்விப்படாத கடனும் இருந்தது, அவரே தீர்த்தார்.

அடுத்தது சித்தப்பா. எல்லை வேலிக்காக இரண்டு பேருக்கும் வருடக்கணக்காகக் கதையில்லை. ஆள் அனுப்பிக் கூப்பிட்டார். கட்டிப்பிடித்து அழுதார்கள் என்று எழுதினால் வடிவாக இருக்கும். நடந்தது, கட்டிலில் இருந்துகொண்டே அந்த வேலியைப்பற்றி இன்னொரு முறை சண்டை பிடித்தார்கள். பூவரசு எந்தப் பக்கம் நட்டது, கறையான் தின்ற கதியாலை ஆர் பிடுங்கியது என்று அடி நுனி விடாமல். சித்தப்பா கோபத்தோடு எழும்பிப் போனார். ஆனால் அடுத்த நாளிலிருந்து பின்னேரமானால் வந்து கால்மாட்டில் இருப்பார். வேலி இன்னும் அதே இடத்தில்தான் நிற்கிறது.

மூன்றாவதை எழுதலாமா என்று தெரியவில்லை. சரி, எழுதுகிறேன். "செத்தாப்பிறகு என்னை ஊசி போட்டு நாள்கணக்கா வைச்சிருக்காதேங்கோ. ஒரு நாள் காணும். பெரியவன் வந்தால் வரட்டும், வராட்டிக் கம்பியூட்டரில பாக்கட்டும். கொள்ளியை இங்கை நிக்கிறவை வைக்கட்டும்." வெளிநாட்டு மகனுக்காகப் பிரேதத்தை வைத்துக் காத்திருக்கிற வீடுகள் இங்கே எத்தனை என்று உங்களுக்குத் தெரியும். ஐயா இதைத் தன் வாயால் பெரியண்ணையிடமே சொன்னதால் எங்கள் வீட்டில் அந்தச் சண்டை வரவில்லை. நான் சொல்லியிருந்தால் இன்றுவரைக்கும் என்னோடு கதைத்திருக்கமாட்டார்.

ஆனி 14

மோர்பின் பற்றிக் கேட்டவருக்குச் சுருக்கமாக. குடிக்கிற மோர்பின் கொடுத்தால் சீக்கிரம் போய்விடுவார் என்பது ஊர்க்கதை. டொக்டர் சொன்ன அளவில், சொன்ன நேரத்துக்குக் கொடுத்தால் நோ குறையும், ஆள் கதைப்பார், நித்திரை கொள்வார். முதல் சில நாள் மயக்கமாக இருக்கும், பிறகு தெளியும். நோ தாங்காமல் போனபிறகு கொடுக்கலாம் என்று போத்தலை ஒளித்து வைக்காதீர்கள். மலச்சிக்கல் கட்டாயம் வரும். அதற்கான மருந்தையும் அன்றைக்கே கேட்டு வாங்குங்கள். எங்கள் வீட்டில் நோவைவிட அதுதான் பெரிய பாடு.

படுக்கவைத்துக்கொண்டு எதையும் பருக்காதீர்கள். நிமிர்த்தி இருத்தி, ஒவ்வொரு கரண்டியாக. முடிந்தபிறகும் அரை மணித்தியாலம் இருக்கவிடுங்கள். மூச்சுக்குழாய்க்குள் போனால் நியூமோனியாதான்.

ஆனி 19

நான் எதிர்பார்த்த இடத்துக்கு ஒரு அண்ணை வந்துவிட்டார்: "வீடு ஆருக்குச் சீதனமோ அவைதானே பாக்கவேணும்?"

யாழ்ப்பாணத்தில் வீடு மகளுக்கு. தாய் தகப்பன் பெரும்பாலும் கடைசி மகளோடுதான் இருந்து முடிப்பார்கள். எங்கள் வீடும் எனக்கு எழுதினதுதான். அண்ணைமார் அடுத்த ஒழுங்கையில் இருந்த காலத்தில் அதில் ஒரு நியாயம் இருந்தது: ஒருத்தி சமைப்பாள், ஒருத்தன் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போவான், ஒருத்தன் கணக்கு வழக்கைப் பார்ப்பான். இப்போது அண்ணைமார் ரொறன்ரோவில். வீட்டை எழுதிக் கொடுத்தபோது ஆளையும் சேர்த்து எழுதிக் கொடுத்துவிட்டதாக அவர்களுக்கு ஒரு நினைப்பு. வீட்டு உறுதிப் பத்திரத்தில் பரப்பும் குழியும் கிணற்றுப் பங்கும் இருக்கிறது, அம்மாவைக் கழுவித் துடைப்பது எந்த வரியிலும் இல்லை.

யாழ்ப்பாணத்தாரின் சொத்துச் சட்டமான தேசவழமையை இழுக்கிறவர்களுக்கு: ஒல்லாந்தர் 1707இல் அதை எழுத்தில் கொண்டுவந்தபோது சீதனத்துக்கு நிறைய இடம் கொடுத்தார்கள், உண்மை. ஆனால் 2000ஆம் ஆண்டின் 9ஆம் இலக்க முதியோர் உரிமைகள் பாதுகாப்புச் சட்டம் பெற்றோரைப் பார்ப்பது பிள்ளைகளின் கடமை என்கிறது. சீதனம் வாங்கிய பிள்ளை என்று அதில் இல்லை. பிள்ளைகள் கைவிட்டால் பராமரிப்புச் சபைக்கு முறையிட்டுச் செலவுக்குப் பணம் கேட்கலாம். எங்கள் ஆட்கள் யாரும் அந்தப் படி ஏறமாட்டார்கள், மானம் போய்விடும். இருந்தாலும் அப்படி ஒரு படி இருக்கிறதென்று கனடாவுக்குத் தெரிந்திருப்பது நல்லது.

உறுதி எழுத இருக்கிறவர்கள் நொத்தாரிசிடம் சீவிய உரித்து, அதாவது சாகும்வரை அந்த வீட்டில் இருக்கிற உரிமை, வைத்து எழுதுங்கள். எழுதிக்கொடுத்த மறுநாள் தன் வீட்டிலேயே விருந்தாளியாகிப்போன கிழவர்கள் எங்கள் ஊரிலேயே இருக்கிறார்கள். மோசமாக நன்றி கெட்டு நடக்கும் பிள்ளைக்கு எழுதிய நன்கொடையை நீதிமன்றத்தால் இரத்துச் செய்ய 2017இல் ஒரு சட்டம் வந்தது. வழக்குப் பேசிப் பேசியே ஆயுள் முடிந்துவிடும். முதலிலேயே சரியாக எழுதுவது திறம்.

ஆனி 20

நேற்று எழுதியதை இவர் வாசித்துவிட்டு, "ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போற வேலையை நான் செய்யேல்லையோ?" என்று கேட்கிறார். செய்கிறார். சீதனத்தில் வந்த மருமகனின் பங்கைப்பற்றித் தேசவழமை என்ன சொல்கிறதென்று தேடிப்பார்க்கிறேன் என்றேன்.

ஆனி 27

"அம்மா இரண்டு நாளாக ஒருவரையும் மட்டுக்கட்டுகிறா இல்லை, அறளை பேந்துவிட்டது போல" என்று எழுதிய தங்கச்சிக்கு: இதை வாசித்துக்கொண்டு இருக்காதீர்கள், இன்றைக்கே காட்டுங்கள். அறளை, அதாவது வயது போன மறதி, மெல்ல மெல்லத்தான் வரும். போன கிழமை சந்தைக்குப் போய் வந்தவர் இரண்டு நாளில் தலைகீழாக மாறினால் பெரும்பாலும் உள்ளுக்குள் வேறு ஏதோ நடக்கிறது. சலத்தில் (சிறுநீரில்) கிருமி, உடம்பில் உப்பு இறங்குதல், தண்ணீர் குடிக்காமல் விட்டது, புதிதாகத் தொடங்கிய குளிசை. வயது போனவர்களுக்குக் கிருமி இருந்தாலும் காய்ச்சல் காயாமல் இருக்கலாம். சளிக்கும் கடிக்கும் பாமசியில் வாங்கிப் போடுகிறோமே, குளோர்பெனிரமின், அதுவே சிலரைக் குழப்பிவிடும்.

மெல்ல வந்த மறதிக்கும் உடனே பெயர் சூட்டவேண்டாம். தைரொயிட்டும் பி12 விற்றமினும் இரத்தத்தில் பார்க்கச் சொல்லுங்கள். காலமெல்லாம் சைவம், அதோடு சீனி வருத்தத்துக்கு மெற்போமின் என்றால் பி12 குறைய நல்ல வாய்ப்பு. காது கேட்காததையும் மறதி என்று நினைத்துவிடுவோம். எங்கள் அம்மாவுக்கு இதெல்லாம் பார்த்து, ஒன்றும் இல்லை என்றபிறகுதான் மறதி நோய் என்று சொன்னார்கள்.

ஆனி 28

தங்கச்சி எழுதியிருக்கிறா: சலத்தில் கிருமிதானாம், வாட்டில் வைத்து ஊசி மருந்து போகிறதாம், இன்றைக்கு மகளின் பெயரைச் சொல்லிக் கூப்பிட்டாவாம். நல்லது.

ஆடி 3

அம்மாவைப்பற்றிக் கேட்கிறீர்கள். பகலில் பெரிதாக ஒன்றும் தெரியாது. தேங்காய் துருவுவார், எங்களைவிட வடிவாகத் துருவுவார். பொழுதுபட்டு விளக்கு வைக்கிற நேரம்தான் தொடங்கும். கட்டிலுக்குக் கீழே இருந்து பையை இழுப்பார். வீட்டு உறுதி, வங்கிப் புத்தகம், ஒரு சேலை, ரோர்ச், மாறி பிஸ்கட் பக்கற் ஒன்று, சீப்பு. "வெளிக்கிடு பிள்ளை, சனமெல்லாம் போட்டுது, நாங்கள்தான் மிச்சம்."

1995 ஐப்பசி 30. வலிகாமத்துச் சனம் முழுவதும் சண்டைக்குப் பயந்து மழைக்குள் நடந்து, செம்மணி, நாவற்குழி தாண்டித் தென்மராட்சிக்குப் போன இரவு. அம்மாவுக்கு அது இன்னும் விடியவில்லை.

முதலில், சண்டை முடிஞ்சுது அம்மா, இப்ப ஒரு பிரச்சினையும் இல்லை என்று விளங்கப்படுத்திப் பார்த்தோம். விசர் கதைக்கிறாய் என்று ஏசினார். இவர்தான் வழி கண்டுபிடித்தார்: "இப்ப ரோட்டில சரியான சனம் மாமி, நாவற்குழியில அசைய ஏலாது. கொஞ்சம் சனம் குறையட்டும், விடியப் போவம்." அதைக் கேட்டால் பையைத் தலைமாட்டில் வைத்துவிட்டுப் படுப்பார். இவர் 95இல் கொழும்பில் இருந்தவர். நாவற்குழி நெரிசலை இப்போதுதான் அனுபவிக்கிறார்.

ஆடி 4

பிடித்துவிட்டீர்கள். ஐயாவுக்கு உண்மை, அம்மாவுக்குப் பொய்யா என்று.

நேரே பதில் சொல்லப் பார்க்கிறேன். ஐயாவிடம் ஒளித்திருந்தால் அவர் செய்ய இருந்த காரியங்களை அவரிடமிருந்து பறித்திருப்போம். உண்மையை வைத்துக்கொண்டு அவரால் ஏதாவது செய்ய முடிந்தது. அம்மாவிடம் உண்மையைக் கொடுத்தால் அதை வைக்க அவருக்கு இடமில்லை. அவர் கேட்பது செய்தி அல்ல, பயப்படவேண்டாம் என்ற சொல். அதை நாங்கள் 95இன் பாஷையில் சொல்கிறோம்.

எழுதும்போது சரியாக வருகிறது. ஆனால் "ஐயா எங்கை?" என்று கேட்பாரே, அங்கே எனக்கு உறுதியில்லை. ஒருமுறை, ஐயா செத்துப்போனார் அம்மா என்று சொன்னேன். அன்றைக்குத்தான் கேள்விப்பட்ட மாதிரி குளறி அழுதார். மறுநாளும் அதே கேள்வி. இப்போது, தோட்டத்துக்குப் போட்டார் என்கிறேன். சில நாள் என் முகத்தைப் பார்த்துக்கொண்டே இருப்பார். நம்புகிறாரா, எனக்காக நம்புகிற மாதிரி இருக்கிறாரா என்று பிடிபடவில்லை. அண்மையில் ஐயாவின் கதையை நானே எடுத்துவிடுகிறேன்: ஐயாவுக்கு என்ன கறி விருப்பம், நல்லூருக்கு எப்படி வண்டில் கட்டிப் போனீங்கள் என்று. பாதி நாள் கேள்வியை மறந்து கதைக்குள் போய்விடுவார். மீதி நாளுக்கு என்னிடம் ஒன்றும் இல்லை. யாரிடமாவது நல்ல வழி இருந்தால் எழுதுங்கள்.

ஆடி 11

கமரா பூட்டுவது பற்றி. பெரியண்ணை பூட்டுவித்தார்: விறாந்தையில் ஒன்று, அம்மாவின் அறையில் ஒன்று. அங்கே பகல் என்றால் இங்கே இரவு. நான் கண்ணயர்ந்த நேரம் போன் அடிக்கும்: "அம்மா எழும்பி இருக்கிறா, நீ பாக்கேல்லையோ?" கமராவில் பார்க்கிறவருக்கு மணம் தெரியாது, ஈரப் பாய் எவ்வளவு பாரம் என்றும் தெரியாது. அறைக் கமராவுக்கு மேல் துவாயைப் போட்டுவிட்டேன். உடை மாற்றுகிற இடத்தில் கமரா என்ன வேலை? அம்மா கேட்கத் தெரியாதவர் என்பதற்காக நாங்களும் கேட்காமல் விடலாமா?

காசு அனுப்புவதைக் குறை சொல்லமாட்டேன். பம்பஸ் விற்கிற விலையில் அந்தக் காசு இல்லாவிட்டால் நாங்கள் இல்லை. ஆனால் காசோடு சேர்த்து உத்தரவும் வருகிறது.

ஆடி 12

கைதடி முதியோர் இல்லம் பற்றி எழுதச் சொல்கிறீர்கள். எனக்கு அங்கே அனுபவமில்லை, எழுதமாட்டேன். கைதடிக்கு அனுப்பிப்போடுவன் என்று வெருட்டுவதை மட்டும் பிள்ளைகள் நிறுத்தினால் போதும். அது அரச இல்லம். ஆதரவில்லாதவர்கள் கண்ணியமாக இருக்கக் கட்டியது.

அவசரத்துக்கு 1990 அடியுங்கள், அம்புலன்ஸ் இலவசம். வடக்குக்கு 2018இல் வந்தது. இன்னும் ஓட்டோ தேடி ஓடுகிறவர்கள் இருக்கிறார்கள். வாய் கோணினால், ஒரு கை விழுந்தால், சொல் குழறினால் எண்ணெய் பூசி நேரத்தைப் போக்கவேண்டாம். இரத்தக் கட்டி கரைக்கிற மருந்துக்கு நாலரை மணித்தியாலம்தான் கணக்கு, அதிலும் ஸ்கான் எடுக்கிற நேரம் போகும். எத்தனை மணிக்கு நல்லாக இருந்தவர் என்பதை நினைவில் வைத்துச் சொல்லுங்கள், முதலில் அதைத்தான் கேட்பார்கள்.

ஆவணி 6

நல்லூர் கொடியேறிவிட்டது, பெரியண்ணையும் வந்து இறங்கிவிட்டார். வந்த அன்றே உறுதியைக் கேட்டார். சித்தப்பாவின் எல்லைக் கதையைத் தீர்க்கவேண்டுமாம். அலுமாரியில் இல்லை. எங்கே இருக்கிறது என்று உங்களுக்குத் தெரியும். அம்மா நித்திரையானபிறகு பையிலிருந்து மூல உறுதியை எடுத்துவிட்டுப் போட்டோக் கொப்பியை மடித்து வைத்தோம். மறுநாள் பொழுதுபட அம்மா பையைத் திறந்து, கடுதாசியைக் கையால் தடவிப் பார்த்துவிட்டுக் கேட்டார்: "முத்திரை எங்கை?"

என் பெயர் சில நாள் வராது. முத்திரை வருகிறது.

ஆவணி 13

நானும் இவரும் திருகோணமலைக்குப் போய்வந்தோம். பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு. அண்ணையும் அம்மாவும் வீட்டில். குளிக்கவார்க்கப் பக்கத்து வீட்டு மச்சாள் வருவா, மகன் வார்க்க அம்மா விடமாட்டார். மற்றதெல்லாம் நீங்கள்தான் என்று சொல்லிவிட்டு வெளிக்கிட்டோம். இரண்டாவது இரவு போன் வந்தது. ஏச்சு வரும் என்று எடுத்தேன். "தங்கச்சி, நாவற்குழியில சனம் எண்டு சொன்னன், கேக்கிறா இல்லை. கேற்றடிக்குப் போட்டா. என்ன சொல்லவேணும்?" போனை அம்மாவிடம் கொடுக்கச் சொல்லி இவர் கதைத்தார்.

வந்து பார்த்தால் அண்ணைக்குத் தாடி முளைத்திருந்தது. இராச் சாப்பாட்டில் எல்லாரும் இருந்து கதைத்தோம், அம்மாவும் மேசையில். இரவுக்கு ஒரு ஆளைச் சம்பளத்துக்கு வைப்பது, செலவை மூன்று பங்காகப் பிரிப்பது என்று வந்தது. அண்ணை என்னைப் பார்த்துக் கதைத்துக்கொண்டே போனார். நான் அம்மாவிடம் திரும்பி, "அம்மா, இரவில ஒரு பொம்பிளைப் பிள்ளை வந்து உங்களோடை படுக்கட்டோ?" என்று கேட்டேன். "எந்த ஊர்ப் பிள்ளை?" என்றார். கேட்டு என்ன பயன் என்று சின்னண்ணை வட்ஸ்அப்பில் கேட்கிறார். கேள்விக்குக் கேள்வி வந்ததே, அது பதில் இல்லையா?

ஆவணி 15

அட, முதல் கேள்வி கேட்ட தம்பி திரும்ப வந்திருக்கிறார். ஐயாவிடம் கேட்டாராம். ஐயா, "எனக்குத் தெரியும், கொம்மாவுக்குச் சொல்லிப்போடாதை, தாங்கமாட்டா" என்றாராம். குசினிக்குள் போனால் அம்மா, "எனக்குத் தெரியுமெண்டு ஐயாவுக்கு நீ காட்டிக்கொள்ளாதை" என்றாவாம். இப்போது என்ன செய்வதென்று கேட்கிறார்.

இரண்டு பேரையும் ஒரே விறாந்தையில் இருத்தித் தேத்தண்ணி கொடுத்துவிட்டு, நீங்கள் கடைக்குப் போங்கள். பால்மா முடிந்துவிட்டது என்று சொல்லலாம். அந்தப் பொய் பரவாயில்லை.

ஆவணி 16

அதே தம்பிக்கும், வேறு யாருக்கும் தேவையென்றாலும்: ஐயா பாவித்த காற்று மெத்தை எங்களிடம் இருக்கிறது. மோட்டர் வேலை செய்கிறது, இரவில் மெல்லிய இரைச்சல் வரும். ஒரு மூலையில் ரியூப் ஒட்டுப் போட்டிருக்கிறது, காற்று இறங்காது. மெத்தை இருக்கிறதென்று திருப்பிப் படுக்கவைக்காமல் விட்டுவிடாதீர்கள். இரண்டு மணித்தியாலத்துக்கு ஒருக்கால் திருப்பத்தான் வேண்டும். சிவந்த இடத்தைத் தேய்க்கக்கூடாது. காசு வேண்டாம். தனியே எழுதுங்கள், இணுவிலுக்கு வந்து எடுக்கவேண்டும். ஓட்டோவில் கொள்ளும், சுருட்டிக் கட்டக் கயிறு மட்டும் கொண்டுவாருங்கள்.